நாற்பது வினாடிக்கு ஒரு தடவை

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கீக். தவறவேயில்லை. கடிகாரத்தைப் பார்க்காமலே இப்போது எண்ண முடிகிறது. வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை உள்ளே தன்பாட்டில் ஓடுகிறது. முப்பத்தைந்தைத் தாண்டும்போது தோள்கள் மெல்ல உயர்கின்றன, கீக் என்றதும் இறங்குகின்றன. வெள்ளிக்கிழமை காலை இது தொடங்கியபோது ஃபிரிட்ஜ் என்று நினைத்தேன். பிறகு கைபேசி. பிறகு பக்கத்து வீட்டுக் கிழவரின் காது மெஷினாக இருக்குமோ என்று சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். ஸ்காபரோவில் ஒரு பதினாறு மாடிக் கட்டடத்தை இருபத்திரண்டு வருடம் பராமரித்தவன் நான், சூப்பர் என்று கூப்பிடுவார்கள். இதே சத்தத்துக்காக எத்தனை வீடுகளுக்குள் கருவிப் பெட்டியோடு போயிருக்கிறேன். கதவு திறந்ததுமே மேலே கையைக் காட்டி, அந்தா, அதுதான் என்பேன். என் குசினி வாசலுக்கு மேலே சீலிங்கில் இருக்கும் ஸ்மோக் அலாரம்தான் கத்துகிறது என்று எனக்குத் தெரிய மத்தியானம் ஆயிற்று. அதைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். இப்போது மணி மூன்றேகால். மகள் தர்மினி நாலு மணிக்கு வருவாள், குழந்தையோடு, குழந்தையின் கட்டிலோடு. நாளை திங்கட்கிழமை, அவளுக்குப் பிரசவ விடுப்பு முடிந்து முதல் வேலைநாள். நாளை முதல் காலை எட்டிலிருந்து பின்னேரம் ஐந்து வரை ஆரணி என்னோடு இருப்பாள். பதின்மூன்று மாதக் குழந்தை, நடக்கிறாள், கதிரைக் காலைப் பிடித்துக்கொண்டு. இதைக் கேட்டுப் பெற்றவன் நான். காப்பகத்தில் இடம் கிடைத்தும் வேண்டாமென்று சொல்ல வைத்தவன் நான். யன்னல்கள் நான்கும் வியாழக்கிழமையிலிருந்து திறந்தே கிடக்கின்றன. நவம்பர் மாதக் காற்று கூடத்துக்குள் வந்து நாட்காட்டியைப் புரட்டுகிறது. நான் என் வீட்டுக்குள் குளிர் ஜாக்கெட்டோடு நிற்கிறேன், ஏணிக்குப் பக்கத்தில், புது அலாரத்தின் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு. மணம் போய்விட்டதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள்ளேயே இருக்கிற மூக்குக்கு எப்படித் தெரியும். தர்மினிக்குத் தாயின் மூக்கு. படலையில் நின்றே என்ன கறி என்று சொல்லும் மூக்கு. கீக்.

காலையில் அவள் போனில் கதைத்தபோதும் இது விடவில்லை. "அப்பா, ஆரணியின்ரை சின்னத் தலையணை உங்கை கிடக்குதோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கீக். "அதென்ன சத்தம்?" குருவி என்றேன். நினைக்காமல் வாயில் வந்தது. "நவம்பரிலை ஆர் வீட்டுக் குருவி? யன்னல் திறந்தே கிடக்குது?" கொஞ்சம் காத்து வரட்டும் எண்டு. "உங்களுக்கென்ன விசரே அப்பா, வெளியிலை ரெண்டு பாகை." பிறகு ஒரு நாற்பது வினாடி அவள் குழந்தைக்கு எதையோ ஊட்டிக்கொண்டே பேசினாள். கீக். "அப்பா, அது ஸ்மோக் அலாரம். நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள். பற்றறி முடிஞ்சிட்டுது. ஏணியிலை ஏறாதேங்கோ, கஜன் வந்து மாத்துவார், கேட்டதே?" ஓம் என்றேன். கேட்டது. மருமகன் கஜன் நல்ல பிள்ளை, திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று கைபேசியில் பார்த்துவிட்டுத் திருப்புகிறவன். பற்றறி இல்லை என்று அவளுக்கு நான் சொல்லவில்லை. நேற்றே புதுப் பற்றறி போட்டுப் பார்த்துவிட்டேன். போட்ட பிறகும் கத்தினால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று அர்த்தம். பத்து வருடம். பத்து வருடத்துக்கு மேல் எதையும் நம்பக் கூடாது என்று கட்டடத்தில் ஒவ்வொரு தளத்திலும் நோட்டீஸ் ஒட்டியவன் நான். ஆக, சொல்வதற்கு நல்ல வசனம் ஒன்று கையில் இருக்கிறது. பழசு காலம் முடிஞ்சு பழுதாப் போச்சு பிள்ளை, புதுசு மாத்திப்போட்டன். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. காலம் முடிந்தது உண்மை. மாற்றுவது உண்மை. பழுது என்ற சொல் மட்டும் கொஞ்சம். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டும் சொல்லலாம். பழசு காலம் முடிஞ்சுது, மாத்திப்போட்டன். அவளாகவே பழுது என்று நினைத்துக்கொள்வாள். கஜன் வாசலில் நின்று, மாமா இன்னும் பழைய ஆள்தான் என்று சொல்வான். கட்டில் உள்ளே வரும். கீக்.

இந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன். வருடத்துக்கு ஒரு தடவை வீடு வீடாகப் போய் அலாரத்தைச் சோதிக்க வேண்டும், படிவத்தில் வீட்டு இலக்கத்துக்கு நேரே அடையாளம் போட வேண்டும். எங்கள் ஆட்கள் இருந்த தளங்களுக்குள் லிப்ட் திறக்கும்போதே மிளகாய் பொரிகிற காந்தல் வரும். கதவைத் தட்டினால் உள்ளே கதிரை இழுபடும் சத்தம், பிறகு கதவு. அலாரத்தில் பொலித்தீன் பை, அலாரத்தில் குழந்தையின் காலுறை, அலாரத்துக்கு மேல் ஒட்டிய நாடாவின் பசை. "சூப்பர் அண்ணை, அது தானாப் பழுதாப் போச்சு." "அப்ப இந்தக் காலுறை தானாப் பறந்து போனதோ?" என்பேன். சிரிப்பார்கள், தேத்தண்ணி தருவார்கள். தீயணைப்பு இலாகா ஆள் வருகிற நாளில் முதல் நாளே போய்க் கதவைத் தட்டி, நாளைக்குக் கழட்டி வையுங்கோ என்று சொல்லிவிடுவேன். எழுதிக் கொடுக்கவில்லை ஒருவரையும். வீட்டுக்கு வந்தால் என் மனைவி மங்கை. இந்த வீட்டை வாங்கிக் குடிவந்த கிழமையே நான் பூட்டிய அலாரம், அவள் கடுகும் செத்தல் மிளகாயும் எண்ணெயில் போட்ட முதல் நாளே தெருவுக்குக் கேட்கக் கத்தியது. அடுத்த நாள் வேலையால் வந்து பார்த்தால் அதன் தலையில் அவளுடைய குளியல் தொப்பி. வெள்ளைப் பிளாஸ்டிக், ஓரத்தில் இழுபடும் நூல், சின்னச் சின்ன நீலப் பூ. "ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுறன், என்ரை வீட்டிலை இப்பிடியோ" என்று கத்தினேன். "உங்கடை சட்டத்துக்குத் தாளிக்கத் தெரியாது" என்றாள். பிறகு அவளாகவே ஒரு ஒழுங்கு கண்டுபிடித்தாள். அடுப்பு மூட்ட முன்னம் வாசலில் ஸ்டூலை வைத்து ஏறித் தொப்பியைப் போடுவாள். சாப்பிட்டு முடிந்ததும் கோப்பை கழுவ முன்னம் ஏறிக் கழற்றுவாள், கழற்றி ஃபிரிட்ஜின் கைபிடியில் கொழுவுவாள். ஃபிரிட்ஜில் தொப்பி தொங்கினால் மேலே கண் திறந்திருக்கிறது. தொங்காவிட்டால் மேலே கண் மூடியிருக்கிறது. கட்டடத்தில் பெரிய மெஷினைத் திறக்கும்போது சுவிட்சில் நாங்கள் நிறுத்தியிருக்கிறது என்று காட்டச் சிவப்பு மட்டை கொழுவுவதும் இதற்குத்தான், அதைச் சொல்லித்தர எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். அவளுக்கு ஒருவரும் வகுப்பு வைக்கவில்லை. ஒரு நாளும் தவறியதில்லை அவள். தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கும்போது விரலில் அந்தப் பிளாஸ்டிக் படும். பட்டுக்கொண்டே இருந்தது ஒன்பது வருடம். எப்போதிலிருந்து படவில்லை என்று நான் கவனிக்கவில்லை, அதுதான்.

அவளுடைய முதல் வருட ஆட்டைத் திவசத்துக்குத்தான் தொப்பியைப் போட்டேன். பெப்ரவரி. ஐயர் ஓமத்துக்குச் சிராய் அடுக்கும்போதே அண்ணாந்து அலாரத்தைப் பார்த்து, "அண்ணை, உவர் இடையிலை மந்திரம் சொல்லத் தொடங்கினால் நான் நிப்பாட்டிப்போடுவன், மூடிவிடுங்கோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் குளியலறை அலுமாரியில் தொப்பியைத் தேடி எடுத்தேன். அவள் போன பிறகு ஒரு வருடம் நான் தாளிக்கவே இல்லை, தொப்பிக்கு வேலை இருக்கவில்லை. ஸ்டூலில் ஏறி அதை மாட்டியபோது அதற்குள் ஒரு நரைமயிர் ஒட்டியிருந்தது. மயிரை எடுக்கவில்லை, அப்படியே மாட்டினேன். பிறகு சாம்பிராணி, பிறகு சனம், பிறகு சாப்பாடு, பிறகு வாசலில் சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கோப்பை கழுவ முன்னம் ஏறிக் கழற்ற வேண்டும். கோப்பையைத் தர்மினி கழுவினாள். பெப்ரவரி, மார்ச், ஏப்ரல், விரல் மடித்து எண்ணினால் ஒன்பது மாதம். ஒன்பது மாதம் மேலே ஒன்றுக்கும் கண் இருக்கவில்லை, நான் கீழே நித்திரை கொண்டேன், அடுப்பு மூட்டினேன், மருந்து குடித்தேன், குழந்தையை இங்கே விடுங்கோ என்று அவர்களிடம் பேசினேன். கீக். சரி. ஏற வேண்டும். ஏழு படி ஏணி. வலது முழங்கால் நாலாவது படிவரை ஒன்றும் சொல்லாது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, மூன்று இடத்தில் உடம்பு தொட்டிருக்க வேண்டும், அதுதான் விதி. யன்னலிலிருந்து வரும் காற்று முதுகில் படுகிறது. எத்தனை உயரத்தில் நின்றிருக்கிறேன், ஒருநாளும் கீழே பார்த்ததில்லை, இன்றைக்கு ஏன் நிலத்தின் ஓடுகளை எண்ணுகிறேன்.

நித்திரைதான். வியாழக்கிழமை நடந்தது நித்திரைதான் என்று நான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். அறுபத்தொன்பது வயதில் பகலில் கண் அயர்வது ஒரு குற்றமில்லை. சருவச்சட்டியில் பயறு போட்டு அடுப்பில் வைத்தேன், பத்தே முக்கால் இருக்கும். குழந்தைக்குப் பயறும் சோறும் மசித்துக் கொடுக்கப் பழக வேண்டுமல்லவா, நாலு நாளாகப் பழகிக்கொண்டிருந்தேன், உப்பில்லாமல், நிறையத் தண்ணீர் விட்டு. அது வேகட்டும் என்று பேஸ்மென்றுக்கு இறங்கினேன், குழந்தைக் கதிரையை எடுத்துவர. கதிரையில் ஒரு திருகாணி இல்லை. திருகாணி டப்பாவைத் தேட மங்கையின் கம்பளிச் சட்டைப் பெட்டியை நகர்த்தினேன். பழைய சோபாவில் இருந்தேன். பிறகு மணம். பிறகு படியில் என் கால்கள். குசினிக்குள் புகை தலை மட்டத்துக்கு இறங்கி வந்திருந்தது, சட்டிக்குள் பயறு கரியாகி அடிப்பாகம் சிவந்து கிடந்தது, அடுப்பை நிறுத்தினேன், துணியால் சட்டியைத் தூக்கி வெளியே பனியில் வைத்தேன், இந்த வருடத்தின் முதற்பனி, சீ என்று ஒரு சத்தம். அப்போதுதான் உறைத்தது, இவ்வளவுக்கும் ஏன் ஒன்றும் கத்தவில்லை என்று. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தேன். புகைக்குள் தொப்பி. நீலப் பூக்கள். ஐந்து இதழ், தையல் போகிற இடத்தில் ஒரு பூ பாதியில் வெட்டுப்பட்டு. கதிரையில் ஏறி இழுத்தேன், கையில் வந்த அந்தக் கணமே அது என் முகத்துக்கு நேரே அலறியது. பழுதில்லை. ஒன்பது மாதம் மூடிக் கிடந்தும், ஆயுள் முடிந்தும், கண்ணைத் திறந்துவிட்ட கணமே அலறியது. அந்தப் புகை அதன் தொண்டையில் ஏறியதனாலோ என்னவோ அடுத்த நாளிலிருந்து இந்தக் கீக். இப்போது அதைப் பிடித்து இடப்பக்கம் திருப்புகிறேன், இறுகியிருக்கிறது, திருகு, விடு, கழன்று கையில் வருகிறது. மஞ்சளாகிப்போன வெள்ளை. பின்பக்கம் என் கையெழுத்தில் பூட்டிய திகதி. அதைப் படிக்கக் கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளினேன், தள்ளிய விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பூவைப் பார்த்தேனே. ஐந்து இதழையும் தையலில் வெட்டுப்பட்ட பாதிப் பூவையும் நிலத்தில் நின்று பார்த்தேனே. கண்ணாடி இல்லாமல் கை நீளத்துக்கு அப்பால் எனக்கு உலகம் பஞ்சு. நித்திரைக்கு நான் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்ததில்லை, பஸ்ஸில் ஐந்து நிமிடம் கண் மூடினாலும் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைப்பேன். "நீங்கள் சாகேக்கையும் கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டுத்தான் சாவியள்" என்பாள் மங்கை. அப்படியானால் ஓடும்போது எடுத்துப் போட்டிருப்பேன். சோபாவில் இருந்து எழும்பி, மணம் வந்து, பதறி, பைக்குள் கைவிட்டு, விரித்து, காதில் மாட்டி. இல்லை. அப்படி ஒரு நினைவு இல்லை. கைகள் இரண்டும் படிக் கம்பியைப் பிடித்திருந்தன. கண்ணாடி முகத்தில்தான் இருந்தது, முழு நேரமும் இருந்தது. பத்தே முக்காலிலிருந்து பன்னிரண்டு வரை. அப்படியானால் நான் விழித்திருந்தேன். விழித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு சோபாவில் இருந்திருக்கிறேன், அடுப்பு என்று ஒன்று இல்லாத ஓர் இடத்தில். எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பளிச் சட்டைப் பெட்டியையா. பெட்டி திறந்திருந்ததா மூடியிருந்ததா. அதைத் திரும்பத் திரும்பத் தேடினால் ஒரு பழுப்பு நிறம்தான் வருகிறது, அட்டைப் பெட்டியின் நிறமா அல்லது ஒன்றுமில்லாததன் நிறமா தெரியவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கீக். கையிலேயே கத்துகிறது, குஞ்சு மாதிரி அதிர்கிறது உள்ளங்கையில். ஏணியின் ஐந்தாவது படியில் நிற்கிறேன். மூன்று இடம் தொட்டிருக்க வேண்டும். இரண்டு காலும் இடுப்பும் தொட்டிருக்கின்றன. மெல்ல மூச்சு விடு. வேலையை முடி. வேலைக்குத் தலை வேண்டாம், கை போதும், கைக்கு எல்லாம் தெரியும்.

கைக்குத் தெரிந்திருந்தது. பழைய தகட்டின் இரண்டு திருகாணியைக் கழற்றினேன், புதுத் தகட்டை வைத்தேன், இறுக்கினேன். கீழே இறங்கி மேசையில் இருந்து கறுப்பு மார்க்கரை எடுத்துப் புது அலாரத்தின் முதுகில் திகதி எழுதப் போனேன், எழுதாமல் விட்டதில்லை ஒரு நாளும். நவம்பர் என்று எழுதிவிட்டு நின்றேன். பதினாறா, பதினேழா. யாருக்கும் வருகிற தயக்கம்தான். இதற்கு முன்பும் வந்திருக்கும், அப்போது அதை ஒருவரும் நின்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். கைபேசியில் பார்த்து எழுதினேன். இந்தப் புது வகைக்குப் பற்றறி மாற்றத் தேவையில்லை, பத்து வருடத்துக்கு உள்ளேயே அடைத்து வருகிறது. பத்து வருடத்தில் ஆரணிக்குப் பதினொன்று. தானே ஸ்டூலில் ஏறி இதைக் கழற்றி என் கையெழுத்தைப் படிப்பாள், அல்லது படிக்கத் தெரியாது, இலக்கத்தை மட்டும் படிப்பாள். திரும்ப ஏறினேன். வைத்தேன். வலப்பக்கம் திருப்பினேன். சொடுக் என்று பிடித்தது. யன்னல்களை ஒவ்வொன்றாக மூடினேன். பழசின் பற்றறியைக் கழற்றி மேசையில் தனியாக வைத்தேன். வீடு மௌனமாயிற்று. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்று. தோள்கள் உயர்ந்தபடியே நிற்கின்றன, இறக்கிவிட ஒரு சத்தம் இல்லாமல். வாசலில் கார்க் கதவு அடிபடுகிறது.

தர்மினி குழந்தையை இடுப்பில் வைத்தபடி உள்ளே வந்தாள். கஜன் இன்னும் காருக்குள் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் சப்பாத்தைக் கழற்றவில்லை. வாசலில் நின்று ஒரு தரம் மூச்சை இழுத்தாள். பிறகு ஏணியைப் பார்த்தாள்.

"ஏறினீங்களோ?"

"ஓம்."

"சொன்னால் கேக்கக் கூடாது எண்டு அம்மாவோடை ஏதும் ஒப்பந்தமோ?" சொல்லிக்கொண்டே அண்ணாந்து புதுசைப் பார்த்தாள். ஆரணியும் பார்த்தாள். "வேலை செய்யுதோ?" ஏணியின் இரண்டாம் படியில் ஏறி எட்டிச் சோதிக்கும் பொத்தானை அழுத்தினாள். அது வீறிட்டது. குழந்தை திடுக்கிட்டு, உதடு பிதுக்கி, அழுவதா என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்துக் காட்டினேன். அழவில்லை.

"நல்ல சத்தம்" என்றாள் தர்மினி. "அப்ப பழசு பழுதாப் போச்சுது."

அவளே சொல்லிவிட்டாள். நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை, தலையைக்கூட ஆட்டத் தேவையில்லை. குழந்தை ஜாக்கெட்டுக்குள் இருந்து கையை என் பக்கம் நீட்டினாள். சூப்பர் அண்ணை, அது தானாப் பழுதாப் போச்சு.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "பழசிலை ஒரு பிழையும் இல்லை. நான்தான் மூடி வைச்சிருந்தனான். அம்மாவின்ரை திவசத்திலை இருந்து." ஜாக்கெட் பைக்குள் இருந்து தொப்பியை எடுத்து மேசையில் வைத்தேன். "வியாழக்கிழமை பயறு எரிஞ்சு போச்சு. சட்டி கராஜ் குப்பைக்குள்ளை கிடக்குது. வீடு முழுக்கப் புகை. அது கத்தேல்லை."

அவள் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவளுக்குத் தெரியும். கதிரையை இழுத்து இருந்தாள், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு.

"நித்திரையாப் போனீங்களோ அப்பா?"

எவ்வளவு மெதுவாகக் கேட்டாள். ஓம் என்று சொல்வதற்காகவே கேட்ட மாதிரி, எனக்காக ஒரு கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. என் விரல் கண்ணாடிச் சட்டத்தைத் தொட்டது.

"இல்லை" என்றேன். "முழிச்சுக்கொண்டுதான் இருந்தனான். எங்கை இருந்தனான் எண்டுதான் தெரியேல்லை."

வெளியே கட்டிலின் கால் எதிலோ முட்டுப்பட, கஜன் தனக்குள் ஏதோ சொன்னான். தர்மினி என்னைப் பார்த்தாள், கண் நிறைந்து கீழே விழாமல் நின்றது. பிறகு குழந்தையின் ஜாக்கெட் சிப்பைக் கழுத்திலிருந்து வயிறு வரை மெல்ல இறக்கினாள். ஒரு கையைக் கழற்றினாள். மற்றக் கையை.

"நாளைக்கு லீவு சொல்லுறன்" என்றாள். "டொக்டரிட்டைப் போவம். நானும் வாறன், உள்ளுக்கும் வாறன். உவளுக்கு இடம் இருக்கோ எண்டு காப்பகத்துக்கும் திரும்ப ஒருக்கால் கேக்கிறன். சனிக்கிழமையிலை கொண்டு வாறன், நான் கூட நிப்பன்." மூக்கை உறிஞ்சினாள். "இப்ப பசிக்குது. காலைமை சாப்பிடேல்லை. என்ன இருக்கு?"

"பருப்பு வைக்கிறன். அரை மணித்தியாலம்."

"வையுங்கோ. நான் இதிலை இருக்கிறன்."

தர்மினி சொல்ல, கஜன் கட்டிலைத் திரும்பக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். பருப்பு அவிந்தது. நான் அடுப்பை விட்டு அசையவில்லை. அவள் கதிரையை அடுப்புத் தெரிகிற பக்கம் திருப்பி வைத்திருந்தாள். தாச்சியில் எண்ணெய் காய்ந்தபோது என் கை தன்பாட்டில் மேசைப் பக்கம், தொப்பிக்குப் போனது. அங்கே தொப்பி இல்லை. திரும்பினேன். அவள் எழும்பிப் போய் அதை ஃபிரிட்ஜின் கைபிடியில் கொழுவிக்கொண்டிருந்தாள்.

"கத்தினால் கத்தட்டும்" என்றாள்.

கடுகைப் போட்டேன். செத்தல் மிளகாயைக் கிள்ளிப் போட்டேன். புகை எழும்பியது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.